கேஜ் கிளாஸ் காட்டுவது எந்த மட்டம்?

பாய்லரின் முகப்பில் நிற்கும் ஒரு முழக் கண்ணாடிக் குழாய், மொட்டை மாடி டேங்க்கின் பக்கத்தில் செருகிய பிளாஸ்டிக் டியூப், ஜென்செட் டீசல் டேங்க்கை ஒட்டிய மஞ்சளித்த குழாய். மூன்றும் கேஜ் கிளாஸ்தான்: உள்ளே திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று வெளியே காட்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, மூன்றும் ஒரே மாதிரி ஏமாற்றவும் செய்கின்றன. குழாய் காட்டுவது குழாய்க்குள் இருக்கும் மட்டத்தை மட்டும்தான். டேங்க்கின் மட்டமும் அதுவும் ஒத்துப்போக வேண்டுமானால் கீழ் வழி அடைபடாமல் இருக்க வேண்டும், மேல் வழி அடைபடாமல் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே திரவம் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று பிசகினாலும் குழாயில் மட்டம் தெளிவாகவே தெரியும். ஆனால் அது தப்பான மட்டம்.

பாய்லரில் இந்தத் தப்பு பெரும்பாலும் ஒரே திசையில் போகிறது என்பதுதான் கவலைக்குரிய விஷயம். மேலே இருக்கும் ஸ்டீம் வழி அடைத்துக்கொண்டால், கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட நீராவி குளிர்ந்து தண்ணீராகிறது. அங்கே அழுத்தம் இறங்குகிறது, பாய்லர் அழுத்தம் கீழிருந்து தண்ணீரை மேலே தள்ளி, கண்ணாடி முழுக்க நிரம்பி நிற்கும். கீழே இருக்கும் வாட்டர் வழி அடைத்துக்கொண்டால், மேலிருந்து வரும் நீராவி கண்ணாடியில் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து மட்டம் மெல்ல ஏறும், இறங்கவே இறங்காது. இரண்டு கோளாறிலும் கண்ணாடியில் தண்ணீர் நிறைய இருப்பதாகத்தான் தெரியும். உள்ளே தண்ணீர் குறைந்து, தீப்புகை ஓடும் ஃபயர் டியூபுகள் தண்ணீருக்கு வெளியே தெரிய ஆரம்பித்திருக்கலாம். ஆகவே ஓடும் பாய்லரில் மட்டம் லேசாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால் நிம்மதி. அசையாமல் கோடு போட்ட மாதிரி நின்றால் சந்தேகப்பட வேண்டும். ஆட்டம் அளவு மீறி, மட்டம் குதித்துக் குதித்து நுரையும் தெரிந்தால் அது வேறு கதை: பாய்லர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) ஏறியிருக்கிறது, ப்ளோ டவுன், அதாவது அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை வெளியேற்றுவது, போதவில்லை.

கைப்பிடிகளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கேஜில் மூன்று காக்குகள், அதாவது கைப்பிடி வால்வுகள், இருக்கும்: மேலே ஸ்டீம் வழியில் ஒன்று, கீழே வாட்டர் வழியில் ஒன்று, கண்ணாடியை வடிக்கும் டிரெயினில் ஒன்று. பழைய பாணி காக்குகளில் மூன்று கைப்பிடியும் கீழ்நோக்கித் தொங்கும் நிலைதான் ஓடும் நிலை. அதாவது ஸ்டீம் காக்கும் வாட்டர் காக்கும் திறந்திருக்கும், டிரெயின் மூடியிருக்கும். அதிர்விலும் எடையிலும் கைப்பிடி தானாகச் சரிந்தால்கூட அது பாதுகாப்பான நிலைக்கே வந்து சேரட்டும் என்பதற்காக இப்படிச் செய்திருக்கிறார்கள். பைப் கிடைமட்டமாக வருவதால், திறந்த நிலையில் கைப்பிடி பைப்புக்குக் குறுக்கே நிற்கும். வீட்டுக் குழாயில் போடும் பால் வால்வுக்கு (ball valve) நேர் எதிர், அதில் திறந்தால் கைப்பிடி பைப்போடு நேராக நிற்கும். தேய்ந்துபோன காக்கைக் கழற்றிவிட்டு சாதாரண கால் அங்குல, அரை அங்குல பால் வால்வைப் போட்டுச் சமாளித்த இடங்களில், ஒரு காக் ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் நிற்கும். இரவு ஷிஃப்டில் புதிதாக வந்த அட்டெண்டர் அதைப் பார்த்துத் திறந்ததை மூடிவிட்டால் யாரைக் குறை சொல்வது? மாற்றுவதானால் ஒரே வகையில் முழு செட்டாக மாற்றுங்கள்.

இனி சோதனை. ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது, கூடவே அடுப்பு மூட்டும் முன்பும், கேஜை ஊதிப் பார்க்க வேண்டும், அதாவது பாய்லர் அழுத்தத்தாலேயே ஒவ்வொரு வழியையும் டிரெயினில் பீச்சவிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு நேரே நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள். முகக் கவசமும் கையுறையும் கட்டாயம். ஸ்டீம் காக், வாட்டர் காக் இரண்டையும் மூடி டிரெயினைத் திறக்கவும். கண்ணாடி காலியாகி ஓட்டம் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் இரண்டு காக்கில் ஒன்று கசிகிறது. பிறகு வாட்டர் காக்கை மட்டும் திறந்து நன்றாக ஊதவிட்டு மூடவும். அடுத்து ஸ்டீம் காக்கை மட்டும் திறந்து ஊதவிட்டு மூடவும். இப்போது டிரெயினை மூடுங்கள். பலர் அவசரத்தில் விட்டுவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தை: வாட்டர் காக்கை மட்டும் மெதுவாகத் திறக்க வேண்டும். பாய்லரில் மட்டம் அந்தக் காக்குக்கு மேலே இருந்தால் தண்ணீர் கண்ணாடியின் உச்சிவரை ஏறும். அதன் பிறகுதான் ஸ்டீம் காக். அதைத் திறந்ததும் தண்ணீர் சட்டென்று இறங்கித் தன் மட்டத்தில் வந்து நிற்க வேண்டும். இழுத்து இழுத்து மெதுவாக வந்தால் வழி பாதி அடைத்திருக்கிறது என்று பொருள்.

அந்தக் கட்டம் ஏன் அவ்வளவு முக்கியம்? 10 கிலோ பிரஷரில் (சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ) பாய்லர் தண்ணீர் ஏறக்குறைய 184 டிகிரியில் இருக்கிறது. டிரெயின் வழியாக வெளியே வந்தவுடனே அதில் ஒரு பங்கு நீராவியாக வெடித்துவிடும். டிரெயின் பைப்பின் வாயில் பார்த்தால் வருவது தண்ணீரா ஸ்டீமா என்று புதியவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது, பழகியவர்கள்கூடச் சத்தத்தை வைத்துத்தான் சொல்வார்கள். கண்ணாடியில் உச்சிவரை ஏறும் தண்ணீரைப் பார்ப்பது மட்டுமே சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சி. ஏறவில்லையா? மட்டம் வாட்டர் காக்குக்கும் கீழே போய்விட்டது. உடனே பர்னரை நிறுத்துங்கள். விறகு, கரி அடுப்பானால் தீயை அடக்குங்கள், ஃபேனை நிறுத்துங்கள். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்ப்பின் பக்கம் கையே போகக் கூடாது. காய்ந்து சிவந்த தகட்டில் தண்ணீர் பட்டால் பாய்லரே வெடிக்கலாம், இது பாய்லர் வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தானாக ஆறிய பிறகுதான் அடுத்த வேலை.

பாய்லருக்கு இரண்டு கேஜ் இருக்க வேண்டும் என்று 1950 ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. இரண்டும் வேறு வேறு மட்டம் காட்டினால், அதிகம் காட்டுவதை நம்பி ஓட்டுவது நம்மூர் வழக்கம். இரண்டையுமே நம்பாமல், இரண்டையும் ஊதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒன்று உடைந்துபோய் மூடி வைத்திருப்பது, மற்றது ஓடுகிறதே என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது, இதெல்லாம் கல்யாண மண்டபச் சமையல் பாய்லரிலும் சின்ன லாண்டரிகளிலும் சர்வ சாதாரணமாகப் பார்க்கக் கிடைக்கிறது. கண்ணாடியின் விலை ஒரு பெரிய விஷயமே இல்லாதபோது இது எனக்கு ஏற்க முடியாத சிக்கனம்.

கண்ணாடி மாற்றுவதில்தான் கைத்திறன் தெரியும். சோடா லைம் கண்ணாடி பாய்லருக்கு ஆகாது, போரோசிலிகேட் என்று கேட்டு வாங்குங்கள். சிறு பாய்லர்களில் வெளிவிட்டம் 12, 16, 19 மிமீ அளவுகள் அதிகம். வெர்னியர் வைத்து அளந்து வாங்க வேண்டும், ஏனென்றால் அரை மிமீ தடித்தால் வாஷருக்குள் நுழையாது, அரை மிமீ மெலிந்தால் கிளாண்டை (வாஷரை அழுத்திப் பிடிக்கும் நட்டை) அளவு மீறி இறுக்கத் தோன்றும்.

பழைய கண்ணாடியை எடுத்ததும் முதல் வேலை நேர்கோடு பார்ப்பது. கண்ணாடியின் அதே விட்டமுள்ள நேரான கம்பி ஒன்றை மேல் காக்கின் வழியாக விட்டுக் கீழ்க் காக்குக்குள் இறக்குங்கள். தடையில்லாமல் வழுக்கி இறங்க வேண்டும். எங்கேயாவது உரசினால் இரண்டு காக்கும் ஒரே கோட்டில் இல்லை. கண்ணாடியைப் போட்டு கிளாண்டை இறுக்கினால் அது வளைய முயன்று, முடியாமல், சூடேறும்போது உடையும். மாதம் ஒரு கண்ணாடி உடைகிறது, சரக்கு மோசம் என்று கடைக்காரரைத் திட்டும் இடங்களில் பாதிக்கு மேல் கோளாறு இதுவாகத்தான் இருக்கிறது.

நீளம் அடுத்தது. காக்குகளில் கண்ணாடி உட்காரும் குழிகளில், மேல் குழியின் அடியிலிருந்து கீழ்க் குழியின் அடிவரை அளந்து, அதில் 5 முதல் 6 மிமீ குறைத்து வெட்டுங்கள். இரண்டு முனையிலும் சுமார் 3 மிமீ இடைவெளி வரும். கண்ணாடி எந்த இடத்திலும் உலோகத்தைத் தொடக் கூடாது, அதற்குத்தான் இந்த இடைவெளி. கண்ணாடி சூட்டில் நீண்டு முட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மை அதற்கு எதிர்ப்புறம். 300 மிமீ போரோசிலிகேட் 160 டிகிரி ஏறினால் 0.16 மிமீதான் நீளும், அதே நீளத்துக்கு பாய்லரின் இரும்பு அரை மிமீக்கு மேல் நீளும். ஆக, சூடானால் காக்குகள் கண்ணாடியை விட்டு விலகத்தான் செய்கின்றன.

அதனால்தான் அதிகமாகக் குறைத்து வெட்டுவது ஆபத்து. இதை விளக்கமாகவே சொல்கிறேன். கண்ணாடியின் முனை ரப்பர் வாஷரைத் தாண்டி உள்ளே போய் நிற்க வேண்டும். குட்டையான கண்ணாடியில் முனை வாஷருக்குள்ளேயே நின்றுவிடும். கிளாண்டை இறுக்கும்போது, அழுத்தப்பட்ட ரப்பர் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே பிதுங்கும். சூட்டில் இளகி, கண்ணாடியின் வாயின் மேல் மடங்கி, துளையைச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வரும். வெளியே கசிவு இருக்காது, கண்ணாடி பளிச்சென்று இருக்கும், மட்டமும் தெரியும். வழி மட்டும் அடைபட்டிருக்கும். பிறகு நடப்பது மேலே சொன்னதுதான்: கண்ணாடி நிறையத் தண்ணீர், பாய்லருக்குள் பஞ்சம். கையில் கிடைத்த குட்டைக் கண்ணாடியை இன்னொரு வாஷர் வைத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனை வரும்போது இந்தப் பிதுங்கிய ரப்பரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது முக்கோண அரத்தால் ஒரு கீறல் போட்டு, துணி சுற்றிப் பிடித்து, கீறலுக்கு நேர் பின்னால் கட்டைவிரல் வைத்து விலக்கினால் சுத்தமாக விடும். முனைகளைத் தீயில் காட்டி மழுங்கவைக்க வேண்டும், கூர்முனையில்தான் விரிசல் பிறக்கும். உட்புறத்தில் கம்பியோ ஸ்டீல் பிரஷ்ஷோ படவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும், அடுத்த முறை சூடேறும்போது அதுவே உடையும் இடம். துடைக்க வேண்டுமானால் நூலில் கட்டிய துணி.

புது வாஷர், புதுக் கண்ணாடி, கிளாண்ட் நட்டைக் கையால் முடிந்த மட்டும் இறுக்கி, பிறகு ஸ்பேனரில் கால் சுற்று. பிரஷர் இருக்கும்போது கசிவை நிறுத்த ஸ்பேனர் போடாதீர்கள். காக்குகளை மூடி, டிரெயினைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள். பிறகு டிரெயின் திறந்தபடியே ஸ்டீம் காக்கை இம்மியளவு திறந்து, சில நிமிடம் நீராவி ஓடிக் கண்ணாடி சீராகச் சூடாகட்டும். அப்புறம் டிரெயினை மூடி, வாட்டர் காக்கைத் திறந்து, இரண்டையும் முழுசாகத் திறக்கவும். முழுசாக என்பதில் அர்த்தம் இருக்கிறது. கண்ணாடி உடைந்தால் தானாக வழியை அடைக்கும் குண்டு உள்ள காக்குகளில், பாதி திறந்த நிலையில் ஸ்பிண்டில் முனை அந்தக் குண்டை அதன் இருக்கையில் உட்காரவிடாது. கண்ணாடி உடையும், குண்டு அசையாது, ஸ்டீம் அறை முழுக்கப் பீச்சும். போர் தண்ணீர் உபயோகிக்கும் பாய்லர்களில் உப்பு படிந்து குண்டு ஒட்டிக்கொள்வதும் உண்டு. வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பாய்லரை நிறுத்தும்போது காக்கைக் கழற்றி, குண்டு சுதந்திரமாக உருளுகிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள்.

சுற்றிலும் டஃபன் (கடினமாக்கிய) கண்ணாடிக் காப்பு இல்லாமல் கேஜை ஓட்ட வேண்டாம். அது உடைந்த சில்லைத் தடுப்பதோடு, ஐப்பசி மழையில் ஷெட்டின் ஓரத்திலிருந்து அடிக்கும் சாரலும் எதிர்க் காற்றும் சூடான கண்ணாடியில் படாமலும் காக்கும். எண்ணூர், மணலி பக்கம் உப்புக் காற்றில் காப்பின் இரும்புச் சட்டம் சீக்கிரம் துருப்பிடித்துக் கழன்று, பிறகு மாட்டப்படாமலே போய்விடுகிறது. ஸ்டெயின்லெஸ் சட்டம் போடுவது நல்லது.

கண்ணாடி தேயுமா? தேயும். பாய்லர் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, பிஎச் 10.5 முதல் 11.5 வரை இருக்கும், அது சூட்டில் கண்ணாடியையே கரைக்கிறது. மேல் முனையில், நீராவி குளிர்ந்து வழியும் இடத்தில், உள்சுவர் மெலிந்து வரிவரியாகத் தெரிய ஆரம்பிக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அந்த வரியோ பால்நிற மங்கலோ தெரிந்தால் ஆசிட் போட்டுக் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

மூன்றாவது நிபந்தனை அடர்த்தி. எல்லாம் சரியாக இருந்தாலும் கேஜ் ஒரு சிறிய பொய் சொல்லும், இந்த ஒன்று மட்டும் எதிர்த் திசையில். கண்ணாடிக்குள் தண்ணீர் ஆறியிருக்கிறது, ஆகவே கனமாக இருக்கிறது. 10 கிலோவில் பாய்லருக்குள் ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை சுமார் 881 கிலோ. கண்ணாடிக்குள் 100 டிகிரிக்கு ஆறியிருந்தால் 958. கீழ் இணைப்புக்கு மேல் கண்ணாடியில் 250 மிமீ தெரிந்தால், உள்ளே உண்மையில் 272 மிமீ அளவுக்கு இருக்கும். சின்ன பாய்லரில் இதைப் பொருட்படுத்த வேண்டாம். அழுத்தம் ஏற ஏற இந்த வித்தியாசம் பெரிதாகும். அனல்மின் நிலைய ட்ரம்களில் இதற்கென்றே திருத்தக் கணக்கு வைத்துத்தான் அளவுகோல் போடுவார்கள்.

கண்ணுக்குத் தெரிவது பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் கண்ணாடியில் தண்ணீர் முழுக்க நிரம்பியிருக்கிறதா, முழுக்கக் காலியா என்று தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். பாய்லரில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதைவிட மோசமான தப்பு இல்லை. முதுகில் வெள்ளைப் பட்டையும் நடுவே சிவப்புக் கோடும் உள்ள கண்ணாடியை வாங்கினால், தண்ணீர் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு அகன்று தெரியும், மேலே மெல்லியதாகத் தெரியும். அது கிடைக்காவிட்டால் பின்னால் ஒரு தகட்டில் கறுப்பு வெள்ளையாகச் சாய்கோடுகள் வரைந்து வையுங்கள். தண்ணீர் வழியாகப் பார்க்கும்போது அந்தக் கோடுகள் எதிர்ப்புறம் சாய்ந்து தெரியும். செலவே இல்லாத வேலை இது.

அழுத்தம் ஏறினால் குழாய்க்குப் பதில் தட்டைக் கண்ணாடி. அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டுகளில் 10.54 கிலோவுக்கு வடிவமைத்த பாய்லர்கள் நிறைய உண்டு. அந்த அளவிலேயே ரிஃப்ளெக்ஸ் கேஜுக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம் என்பேன். அதன் பின்முகத்தில் 90 டிகிரிப் பள்ளங்கள் வெட்டியிருக்கும், ஒளி அதில் 45 டிகிரியில் விழும். பள்ளத்தில் நீராவி இருந்தால் சுமார் 43 டிகிரிக்கு மேலே எல்லா ஒளியும் திரும்பிவிடும், வெள்ளியாக மின்னும். தண்ணீர் இருந்தால் அந்த எல்லை 65 டிகிரிக்குப் போய்விடுவதால் ஒளி உள்ளே புகுந்துவிடும், கறுப்பாகத் தெரியும். பத்தடி தூரத்திலிருந்தே மட்டம் தெரியும். இதன் போல்டுகளை நடுவிலிருந்து இரு ஓரமும் நோக்கி, மாற்றி மாற்றி, டார்க் ரென்ச்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) படிப்படியாக இறுக்க வேண்டும். கழற்றிய கண்ணாடியையும் கேஸ்கெட்டையும் திரும்பப் போடக் கூடாது. இன்னும் உயர்ந்த அழுத்தத்தில் ரிஃப்ளெக்ஸும் போதாது. இரு பக்கமும் கண்ணாடி வைத்து, தண்ணீர் படும் பக்கம் மைக்கா தகடு கொடுத்து, பின்னால் விளக்கு போட்டு, நீராவி சிவப்பாகவும் தண்ணீர் பச்சையாகவும் தெரியும்படி செய்வார்கள்.

டேங்க்குகளுக்கு வருவோம். டீசல் டேங்க்கில் தெளிவான பிவிசி டியூப் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெயை டீசல் உறிஞ்சிவிடும். டியூப் மஞ்சளாகி, விறைத்து, இணைப்பில் பிளக்கும். மே மாத வெயிலில் இன்னும் சீக்கிரம். நைலான் அல்லது கண்ணாடிதான் சரி. எதுவானாலும் அடியில், கையை எடுத்தால் ஸ்பிரிங்கில் தானாக மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று இருக்க வேண்டும். அழுத்திப் பார், விடு. ஜெனரேட்டர் அறையில் தீ என்று வந்தால் முதலில் உருகுவது அந்த டியூப். வால்வு இல்லையென்றால் மொத்த டேங்க்கும் தீக்கு ஊற்றப்படும். அடுத்து, டீசல் டேங்க்கின் அடியில் தண்ணீர் சேரும், டியூபுக்குள் போய் உட்காருவதும் அதுதான். டியூப் முழுக்கத் தண்ணீராக இருந்தால், 1000 மிமீ டீசலுக்கு 830 மிமீதான் காட்டும். அவ்வப்போது டியூபின் அடியிலிருந்து அந்தத் தண்ணீரை வடித்து விடுங்கள். படுத்த உருளை டேங்க்கில் உயரத்தைச் சமமாகப் பிரித்து லிட்டர் எழுதுவதும் தப்பு. கால் உயரத்தில் கொள்ளளவில் 19.5 சதவீதம்தான் இருக்கும். 990 லிட்டர் டேங்க்கில் 250 லிட்டர் மிச்சம் என்று நினைக்கும்போது இருப்பது 195 லிட்டருக்கும் கீழே.

தண்ணீர் டேங்க்கில் டியூபின் மேல் முனையை அடைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குப்பை விழும், கொசு போகும் என்று மூடி போட்டுவிடுவார்கள். உள்ளே மாட்டிய காற்று தண்ணீரை ஏறவிடாது, மட்டம் குறைவாகத் தெரியும். மேல் முனையை வளைத்து டேங்க் மூடிக்குக் கீழே விடுங்கள், அல்லது வலை கட்டுங்கள். டியூப் அடியிலிருந்து ஏறிக்கொண்டே போக வேண்டும், நடுவில் தொங்கிச் சுருண்டால் அங்கே காற்று நிற்கும். உள்விட்டம் 5 மிமீயாக இருந்தால் தண்ணீர் தானாகவே 6 மிமீ வரை ஏறி நிற்கலாம், அதோடு அழுக்கும் சீக்கிரம் அடைக்கும். 12 மிமீக்குக் குறையாமல் போடுங்கள். பாசி பிடிக்காமல் இருக்க, பார்க்காத நேரத்தில் மூடிவைக்கும்படி கறுப்புப் பைப்பை நீளவாக்கில் பிளந்து மேலே மாட்டிவிடலாம்.

டியூபைக் கீழ்த்தளம் வரை இழுத்துவந்தால் வீட்டுக்குள்ளிருந்தே பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. தண்ணீரின் மட்டம் டியூபிலும் டேங்க் உயரத்தில்தான் நிற்கும். கீழே பிரஷர் கேஜ் வைத்தாலும், 1 மீட்டர் தண்ணீர் என்பது 0.1 கிலோதான். 2.5 கிலோ டயலில் ஒரு சிறு கோடு 0.05 கிலோ என்றால் அது அரை மீட்டர் தண்ணீர். அதற்கு மிதவை சுவிட்சு எவ்வளவோ மேல்.

கெமிக்கல் டேங்க்குகளில் பொருளைப் பார்த்துக் குழாய் தேர்ந்தெடுங்கள். காஸ்டிக் சோடா கண்ணாடியையும் பாலிகார்பனேட்டையும் தின்னும். அக்ரிலிக் தின்னரிலும் ஸ்பிரிட்டிலும் வலைவலையாக விரியும். சோடியம் ஹைப்போ (ஹைப்போகுளோரைட்) தானாக வாயு விடும், குழாயில் குமிழ்கள் நிற்கும்போது மட்டம் கூடுதலாகத் தெரியும், தட்டிவிட்டுப் படியுங்கள்.

ஸ்பேர் கண்ணாடி வாங்கப் பாரிமுனைக்குப் போகும்போது பழைய வாஷரையும் எடுத்துப் போங்கள், கண்ணாடியின் அளவோடு அதன் அளவும் பொருந்த வேண்டும். வெட்டின நீளம், வெளிவிட்டம், வாஷரின் வகை மூன்றையும் பாய்லர் லாக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். வெட்டி முனை மழுக்கிய கண்ணாடி இரண்டு, வாஷர் நான்கு, ஒரு பிவிசி பைப்புக்குள் பஞ்சு வைத்து, பாய்லர் அறைச் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் என்று ராத்திரி இரண்டு மணிக்குத் தேட முடியாது.